ஓயாது ஓடி விரைவில் சோரும் குழந்தைகள்: வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள்

விதை, உரம், கிணறு, கறவைப் பசு ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கங்களில் நாம் பெரும்பாலும் எழுதி வந்திருக்கிறோம். இம்மாதம் ஒரு வகைக் குழந்தைகளைப் பற்றி எழுத முற்படுகிறோம். இது மருத்துவர் எழுத வேண்டிய விஷயமாயிற்றே, வட்டார வளர்ச்சி அதிகாரிக்கு இதில் என்ன வேலை என்று ஊராட்சி உறுப்பினர்கள் சிலர் நினைக்கக்கூடும். மருத்துவர் சொல்ல வேண்டியதை மருத்துவரே சொல்வார். ஆனால் அவர் அரை மணி நேரம் பார்த்து அனுப்பிய பின், அக்குழந்தை எஞ்சிய நேரமெல்லாம் இருப்பது வீட்டுத் திண்ணையிலும் களத்துமேட்டிலும் அங்கன்வாடியிலும் ஊர்ப் பள்ளியிலும்தான். அவ்விடங்கள் பெற்றோரின் பொறுப்பிலும் நம் பொறுப்பிலும் உள்ளவை.

நாம் குறிப்பிடும் குழந்தையைப் பல ஊர்களில் காணலாம். ஓரிடத்தில் நில்லான். திண்ணையிலிருந்து குதிப்பான், குதித்த கணமே மீண்டும் ஏறுவான். சுவரிலும் ஆட்களின் மேலும் வேண்டுமென்றே மோதுவான். தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வருவான். சட்டைக் கழுத்தையும் பென்சிலையும் மென்றுகொண்டிருப்பான். சேற்றைக் கண்டால் அதில் புரள்வான். அதே பிள்ளையைப் பாயில் உட்கார வைத்தால் முதுகு வளைந்து, சுவரில் சாய்ந்து, சிறிது நேரத்தில் படுத்துவிடுவான். படியேறினால் இளைக்கும். எழுதுகோல் விரலிடையே நழுவும். சட்டைப் பொத்தானை ஆறு வயதிலும் தாயே போட்டுவிட வேண்டியிருக்கும். தூக்கினால் கைக்குள் நழுவிச் செல்வது போலிருக்கும். பெண் குழந்தைகளிலும் இத்தகையோர் உண்டு. அவர்களைப் பற்றி வீட்டார் வெளியே சொல்வது குறைவு.

இப்பிள்ளைக்கு ஊரில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஓடும்போது குறும்பன், உட்காரும்போது சோம்பேறி. இரண்டிற்கும் ஒரே மருந்தாகப் பிரம்பு கிடைக்கிறது. களையெடுக்கச் செல்லும் தாய், பிள்ளையைத் தூணில் கயிற்றால் கட்டிவிட்டுச் செல்வதையும் நம் சுற்றுப் பயணத்தில் கண்டிருக்கிறோம். அத்தாயைக் குறை கூற நாம் வரவில்லை. கைப்பிடிச் சுவரில்லாத கிணறு வீட்டிலிருந்து முப்பது அடியில் இருக்க, அவள் வேறு என்ன செய்வாள்? ஆயினும் கட்டிப் போடப்பட்ட உடல் வளராது. மற்றைப் பிள்ளைகள் ஓடியாடித் தசையை உரமாக்கிக்கொள்ளும் ஆண்டுகளில் இப்பிள்ளை தூணடியில் உட்கார்ந்திருக்கிறான். பள்ளிக்குச் செல்லும் வயது வரும்போது, இவனால் வகுப்பில் உட்கார முடியவில்லை என்ற சொல் வருகிறது. பிறகு அவன் பள்ளிக்கே வருவதில்லை.

தசையின் தொய்வு என்பது யாது?

கயிற்றுக் கட்டிலை எல்லோரும் அறிவோம். புதிதாகப் பின்னிய கட்டிலில் கயிறு விறைப்பாக நிற்கும். ஆள் படுத்தால் தாங்கும். நாளடைவில் கயிறு தொய்ந்து, படுத்தவர் முதுகு தரையைத் தொடும். கயிறு அறுந்துவிடவில்லை, இழுவிசைதான் குறைந்திருக்கிறது. நம் தசைகளும் அவ்வாறே, நாம் சும்மா இருக்கும் வேளையிலும் ஒரு சிறிது விறைப்புடனேயே இருக்கின்றன. மூளையும் நரம்புகளும் இடையறாது ஆணை அனுப்பி இவ்விறைப்பைக் காத்து வருகின்றன. சில குழந்தைகளுக்கு இது பிறவியிலேயே குறைவாக இருக்கிறது. நிமிர்ந்து உட்காருவதற்கே அவர்கள் முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது. நாம் எண்ணாமல் செய்வதை அவர்கள் உழைத்துச் செய்கிறார்கள்; ஆதலின் விரைவில் சோர்கிறார்கள்.

இவ்வுவமை ஓரிடத்தில் பொருந்தாது. கட்டில் கயிற்றை ஒரே நாளில் இழுத்துக் கட்டிவிடலாம். தசையின் இயல்பான விறைப்பைப் பயிற்சியினால் அவ்வாறு மாற்றிவிட முடியாது. பயிற்சியினால் கூடுவது பலமும் நெடுநேரம் தாங்கும் திறனும், கைகால்களை ஒழுங்காக ஏவும் பழக்கமும் ஆகும். அன்றாட வாழ்க்கைக்கு வேண்டுவன இவையே. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் தொய்வு நீங்கிவிடும் என்பதும் சரியன்று. தாயின் கை பட்டுக் குழந்தை மகிழும்; அந்த அளவில் அது நல்லதே. ஆனால் குழந்தை தானே அசைந்து செய்யும் செயலுக்கு அது ஈடாகாது.

உடல் ஏன் மோதலை நாடுகிறது?

ஐம்புலன்களைப் பற்றிச் சிறு வயதிலேயே கற்கிறோம். அவற்றோடு வேறு இரண்டு உணர்வுகளையும் அறிந்துகொள்ளல் வேண்டும். ஒன்று, தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட முடிவது இதனால்தான்; கை எங்கே இருக்கிறதென்று கை தானே மூளைக்குச் சொல்கிறது. மற்றொன்று, காதினுள்ளே இருக்கும் சிறிய கருவி தரும் சமநிலை உணர்வு. தலை சாய்வதையும் சுழல்வதையும் அதுவே அறிவிக்கிறது.

சில குழந்தைகளுக்கு இவ்விரு உணர்வுகளும் போதிய அளவு எட்டுவதில்லை என்று கருதப்படுகிறது. தன் உடல் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெளிவாக உணர, அவர்களுக்கு வலுவான செய்தி வேண்டியிருக்கிறது. குதித்தால், மோதினால், எதையேனும் மென்றால் அது கிடைக்கிறது. ஆகவேதான் அவன் மீண்டும் மீண்டும் குதிக்கிறான். பசித்தவன் சோற்றைத் தேடுவது போல் அவன் இதைத் தேடுகிறான். அடித்தால் பசி தீராது அல்லவா? அத்துடன், தசை தொய்ந்த பிள்ளைக்குக் காலூன்றி மெதுவாக நடப்பதைவிட வேகமாக ஓடுவது சில சமயம் எளிது. புதிதாகச் சைக்கிள் கற்பவன் மெதுவாக மிதிக்கும்போதுதான் விழுகிறான்; வேகம் அவனை நிமிர்த்தி வைக்கிறது. இதனைக் கண்டு, இவ்வளவு ஓடுகிறானே, இவனுக்கு என்ன குறை என்று வீட்டார் ஏமாந்துவிடுகின்றனர்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ் என்னும் அம்மையார் இக்கருத்தை வகுத்தார். அவர் தொழில்வழிச் சிகிச்சை என்னும் துறையில் பயின்றவர். 1920-இல் பிறந்து 1988-இல் மறைந்தார். 1972-இல் இதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இவர் முறை உலகெங்கும் பரவியுள்ளது. எனினும் மருத்துவர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் நேயர்கள் அறிதல் நலம். 2012-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், இத்தகைய பயிற்சிகளை முழுச் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம் என்றும், இவற்றின் பயனுக்கு உரிய ஆராய்ச்சிச் சான்று குறைவு என்றும், உணர்வுக் கோளாறு என்பதைத் தனி நோயாகப் பெயரிடலாகாது என்றும் அறிவித்தது. ஆகவே, ஒரு குறிப்பிட்ட மெத்தையையோ பந்தையோ வாங்கினால் பிள்ளை குணமாகிவிடுவான் என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். நகரத்துக் கடைகளில் இவை வண்ணப் பெட்டிகளில் விற்கின்றன. அப்பெட்டிகளுள் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஈடான பொருள்கள் நம் வீட்டு முற்றத்தில் கிடக்கின்றன.

முதற்கண் மருத்துவர்

பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தசைத் தொய்வு என்பது ஓர் அடையாளமே; அதன் காரணம் பலவாக இருக்கலாம். தைராய்டு சுரப்பியின் குறைவு, வைட்டமின் டி குறைவினால் வரும் எலும்பு நோய், டவுன் நோய்க்குறி, நரம்பு அல்லது தசையின் நோய் எனப் பல உண்டு. இவற்றுள் முதலிரண்டுக்கும் மருந்து உண்டு. மருந்தால் தீரக்கூடியதை ஊஞ்சலாட்டித் தீர்க்க முயன்று ஆண்டுகளை வீணாக்குதல் பெருந்தவறு.

சில பிள்ளைகளுக்குக் கடும் பயிற்சியே தீங்கு செய்யும். தரையிலிருந்து எழும்போது தன் கைகளைத் தன் தொடைகள்மேல் ஊன்றி, தன்மேல் தானே ஏறுவது போல் ஒரு சிறுவன் எழுந்தால், அவனுடைய கெண்டைக்கால் தசையும் பருத்துக் காணப்பட்டால், அது தசையை அழிக்கும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். அத்தகையவனைக் குதிக்கவும் பளு தூக்கவும் செய்யலாகாது. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணமும் தலைகீழ் நிற்றலும் அவர்களுக்கு ஆகா. முன்பு செய்த செயலை இப்போது செய்ய முடியாமற் போதல், உடலின் ஒரு புறம் மட்டும் தளர்தல், வலிப்பு, உணவு உண்ணும்போது அடிக்கடி புரையேறுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் தாமதம் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவின்படி, நலமுள்ள குழந்தைகள் ஏறத்தாழ 9 மாதம் முடிவதற்குள் பிடிமானமின்றி உட்காருகின்றனர். 18 மாதத்துக்குள் தனியே நடக்கின்றனர். இவ்வளவை உருவாக்க ஆராயப்பட்ட குழந்தைகளுள் இந்தியக் குழந்தைகளும் இருந்தனர். இக்காலம் கடந்தும் உட்காராத, நடக்காத குழந்தையைப் பற்றி, இவன் அப்பனும் இரண்டு வயதில்தான் நடந்தான் என்று சொல்லிக் காலம் கடத்த வேண்டாம்.

எங்கே காட்டுவது? 2013-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிக் குழந்தைகளை ஆண்டுக்கு ஒரு முறையும் பரிசோதிக்க வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை இது பொருந்தும். வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளை இக்குழு மாவட்டத்திலுள்ள தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பும். குழந்தை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் அங்கே பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது. குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டிலேயே மறைத்து வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு அஞ்சியே இவ்வாறு செய்கின்றனர். உறுப்பினர்கள் இக்குடும்பங்களிடம் தனியே சென்று, பக்குவமாகப் பேசிப் பிள்ளையை அழைத்து வரச் செய்தல் வேண்டும்.

வீட்டு வேலையே பயிற்சி

மருத்துவர் அனுமதி கிடைத்த பின் வீட்டில் செய்யத்தக்கவற்றைப் பார்ப்போம். இதில் அடிப்படை ஒன்றுதான். அவன் தேடும் உணர்வு, தள்ளுதல், இழுத்தல், சுமத்தல், ஏறுதல், தோண்டுதல், பிசைதல், மெல்லுதல் ஆகியவற்றால் மிகுதியாகக் கிடைக்கிறது. இவற்றைச் செய்யும்போதே தொய்ந்த தசையும் உழைக்கிறது. ஒரே வேலையில் இரண்டு பயன். மோதி, விழுந்து, அடிபட்டு அவன் பெற்று வந்ததை, பயனுள்ள வேலையின் வாயிலாகப் பெறச் செய்கிறோம்.

இவ்வகையில் கிராமத்து வீட்டுக்கு நிகர் வேறில்லை. பழைய சாக்கில் மூன்று நான்கு தேங்காய்களைப் போட்டு, வாயைக் கட்டி, முற்றத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவனை இழுத்துச் செல்லச் செய்யலாம். முதலில் இரண்டு தேங்காய் போதும். வாரம் ஒன்றாகக் கூட்டலாம். சிறு குடத்தில் பாதியளவு நீரை இரு கைகளாலும் மார்போடு அணைத்துச் சென்று முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றச் சொல்லலாம். இடுப்பில் ஒருபுறமாகச் சுமப்பது இப்பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. முதுகு ஒரு பக்கம் சாயும். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தூக்கக் கொடுக்க வேண்டாம். இழுப்பதும் தள்ளுவதும் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

கடலை பறிக்கும் காலத்தில், ஈரம் பட்டு இளகிய மண்ணில் செடியைப் பிடுங்குவது இவனுக்கென்றே அமைந்த வேலை. கால்களை அகற்றி நின்று, இரு கைகளாலும் பற்றி, உடல் முழுவதையும் பின்னே சாய்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. செடி வந்ததும் கொத்துக் கொத்தாகக் காய்கள் தெரிகின்றன. எந்தச் சிகிச்சை நிலையத்திலும் இத்தகைய பரிசு கிடையாது. மாட்டுக்கு வைக்கோலை அள்ளிச் சென்று போடுதல், சிறு மண்வெட்டியால் பாத்தியில் மண் கிளறுதல், செம்மண்ணைக் குழைத்து அடுப்பும் திண்ணையும் மெழுகுதல் ஆகியனவும் நல்லவை. மெழுகும்போது குந்தியோ முழந்தாளிட்டோ இருந்து, உள்ளங்கையை அழுத்தித் தேய்க்க வேண்டியிருப்பதால் தோளும் மணிக்கட்டும் உரம் பெறுகின்றன. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நகத்திடையே மண் தங்கினால் குடற்புழுக்கள் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைக்குப் பயிற்சி என்ற பெயரில் வேலை வாங்குவதற்கு இக்கட்டுரையைச் சான்றாகக் காட்ட வேண்டாம். பத்து நிமிடம் அவன் விருப்பத்தோடு செய்வது பயிற்சி. வரப்பில் நிறுத்தி அரை நாள் செய்ய வைப்பது குற்றம்.

சமையலறையில் சப்பாத்தி மாவு பிசைதல், கொழுக்கட்டை பிடித்தல், துவரை, மொச்சைக் காய்களை உரித்தல், துவைத்த சிறு துணிகளைப் பிழிந்து கொடியில் போடுதல் ஆகியன விரல்களுக்கும் கைகளுக்கும் ஏற்றவை. பல்லாங்குழி ஆட்டத்தில் ஒவ்வொரு சோழியாக எடுத்து ஒவ்வொரு குழியில் இடும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் பழகுகின்றன. கோலமாவைக் கிள்ளிப் புள்ளி வைப்பதும் அத்தகையதே. ஆண் பிள்ளை கோலம் போடுவதா என்று கேட்கும் பாட்டிமார்களுக்கு, எழுதுகோலைப் பிடிக்கும் விரல்கள் இவையே என்று விளக்கலாம்.

நெல்லோ கேழ்வரகோ நிறைந்த அண்டாவில் கையை விட்டு, உள்ளே புதைத்த சாவியையோ மரப்பாச்சியையோ தேடி எடுக்கும் விளையாட்டைத் தொடு உணர்வை நாடும் பிள்ளைகள் மிக விரும்புவர். வாயில் எதையும் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கும், மூன்று வயதுக்குட்பட்டோருக்கும் இதைத் தனியே விடலாகாது. புளியங்கொட்டை, கடலை, சோழி ஆகியன மூச்சுக் குழலில் சிக்கி உயிரைப் போக்கக்கூடியவை.

சட்டையை மெல்லும் பிள்ளைக்கு வாயில் வேலை வேண்டும். நன்றாக மென்று விழுங்கக் கூடியவனாயின் கேரட்டு, தேங்காய்ச் சில்லு, தோல் நீக்கிய கரும்புத் துண்டு கொடுக்கலாம். உட்கார்ந்த நிலையில், பெரியவர் பார்வையில் கொடுக்க வேண்டும். வாய்த் தசையும் தொய்ந்து, புரையேறும் இயல்பு உள்ளவனுக்கு இவற்றைத் தரவே கூடாது. அவனுக்கு எதைத் தரலாம் என்று மருத்துவரைக் கேட்டறிக. தென்னங்கீற்றில் பீப்பி செய்து ஊதுவதில் உதடும் கன்னமும் பழகும். காதுக்குத் தொல்லையாக இருப்பினும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊஞ்சல்

வேப்பமரக் கிளையில் கட்டிய ஊஞ்சல் சமநிலை உணர்வுக்குச் சிறந்தது. ஆனால் ஊஞ்சலில் இரண்டு விதம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன்னும் பின்னுமாக, ஒரே சீராக, மெதுவாக ஆடினால் மனம் அடங்குகிறது. தூளியில் குழந்தை உறங்குவது இதனாலேயே. கயிற்றை முறுக்கிவிட்டுச் சுழற்றினால் பிள்ளை கிளர்ச்சியடைகிறான். படுக்கைக்குப் போகும் நேரத்தில் சுழற்றிவிட்டுப் பிறகு உறங்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை. அவன் தானாகச் சுழன்றாலும், முகம் வெளுத்தல், வியர்த்தல், குமட்டல் இவற்றில் ஒன்றைக் கண்டால் உடனே நிறுத்துக. வலிப்பு வந்த பிள்ளையாயின் மருத்துவரைக் கேளாமல் ஊஞ்சலே வேண்டாம்.

பலகை அகலமாக இருக்கட்டும்; இரு கால்களும் தரையைத் தொடும் உயரத்தில் தொங்கட்டும். கீழே மணல் பரப்புக. முதுகு நில்லாத சிறு பிள்ளையைப் பெரியவர் மடியில் இருத்தி ஆடலாம். சேலையில் கட்டிய தூளியைப் பெரிய பிள்ளைகளுக்கு ஊஞ்சலாகப் பயன்படுத்த வேண்டாம். ஆடும் வேகத்தில் சேலை கழுத்தில் சுற்றி உயிருக்கு ஆபத்து நேர்கிறது. ஆளில்லாத வேளையில் கயிற்றைக் கிளையின்மேல் தூக்கிக் கட்டிவிடுதல் நலம்.

விளையாட்டுகளில் பாண்டியும் தவளைப் பாய்ச்சலும் கைகளை ஊன்றி நடக்கும் யானை நடையும் ஏற்றவை. பழைய மோட்டார் டயரை நிமிர்த்தி உருட்டிச் செல்வதும் நன்று. நுங்கு வண்டி பளுவற்றதாயினும், அதைக் கோணாமல் ஓட்டக் கண்ணும் கையும் காலும் ஒன்றுபட வேண்டும். பிள்ளையின் இரு கைகளையும் பற்றித் தூக்கிச் சுழற்றும் விளையாட்டை மட்டும் அறவே விடுக. தொய்ந்த தசையுள்ளோருக்கு மூட்டுகளும் தளர்ந்தே இருக்கும். முழங்கை எலும்பு எளிதில் பிசகும்.

எப்போது, எவ்வளவு?

இப்பிள்ளைகளைப் பயிற்றுவோர் சந்திக்கும் சங்கடம் ஒன்று உண்டு. மனம் இன்னும் வேண்டும் என்கிறது. உடல் போதும் என்கிறது. எனவே நீண்ட பயிற்சி ஒன்றைவிடச் சிறு பயிற்சிகள் பல நல்லவை. காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் பத்து நிமிடம், மாலையில் வந்ததும் சிறிது நேரம், உணவுக்கு முன் ஐந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்க. நிமிர்ந்து நின்றவன் சாயத் தொடங்கினால், வாய் திறந்து கொண்டால், கைகள் நடுங்கினால், அன்றைக்கு அவ்வளவுதான். சோர்ந்த உடல் கோணலாகச் செய்து அக்கோணலையே பழகிக்கொள்ளும்.

உட்கார வேண்டிய வேலைக்குச் சற்று முன்னதாகப் பளுவான வேலை அமைய வேண்டும் என்பதே முக்கியம். ஓர் ஊரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் தாயார், இதனைத் தாமாகவே கண்டுபிடித்திருந்தார். அரிசி அரைக்கும் நாளில் மாவுத் தூக்கை மகனிடம் கொடுத்து மில்லிலிருந்து வீடு வரை தூக்கி வரச் செய்வார். அன்றெல்லாம் அவன் இலையின் முன் எழாமல் உட்கார்ந்து உண்பதைக் கவனித்திருக்கிறார். பிறகு மாவு இல்லாத நாளிலும் தூக்கில் மணலை இட்டு வாசலைச் சுற்றி வரச் செய்தார். பள்ளி ஆசிரியையும் இதனை ஏற்று, முதல் மணிக்கு முன் குடிநீர்ப் பானைக்கு நீர் கொணரும் பொறுப்பை அவனுக்கும் அவன் தோழன் ஒருவனுக்கும் கொடுத்தார். தண்டனையாக அல்லாமல் பதவியாகக் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் அதைப் பெருமையாகவே கருதினான்.

உட்காரும் முறைக்கும் ஒரு சொல். முழங்கால்களை முன்னே வைத்து, பாதங்களை இருபுறமும் வெளியே மடித்து, பிருட்டம் தரையில் படிய இப்பிள்ளைகள் உட்காருவர். அவ்வாறு உட்கார்ந்தால் முதுகுக்கு உழைப்பில்லை. அதட்டாமல், காலைச் சம்மணமாக மாற்றி வைக்கலாம். சம்மணம் முடியாதவனை மணை அல்லது சிறு முக்காலியில் அமர்த்தி, பாதங்கள் தரையில் பதியச் செய்யலாம். பள்ளி பெஞ்சில் கால் எட்டாமல் தொங்கினால் இரண்டு செங்கற்களை அடியில் வைத்தால் போதும். காசு செலவில்லாத இவ்வொரு மாற்றத்தால் கையெழுத்தே திருந்துவதுண்டு.

செய்ததையும் கண்டதையும் ஒரு நோட்டில் குறித்து வருதல் நல்லது. என்ன செய்தான், எவ்வளவு நேரம், அதன்பின் எவ்வளவு நேரம் உட்கார்ந்தான், இரவு எப்போது உறங்கினான் என்று இரண்டு வரி போதும். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாவிடில் மூத்த பிள்ளை எழுதட்டும். ஒரு மாதம் சென்றும் மாறுதல் இல்லையெனில் அப்பயிற்சியை விட்டு வேறொன்றை எடுத்துக்கொள்க. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது இந்நோட்டு மிகப் பயன்படும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

தூணில் கட்டப்பட்ட பிள்ளையைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். கயிற்றை அவிழ்க்கச் சொல்லுமுன் கிணற்றை மூட வேண்டியது நம் கடமை. தம் எல்லைக்குள் கைப்பிடிச் சுவரோ கம்பி வலையோ இல்லாத கிணறுகள் எத்தனை, அவை எந்த வீடுகளுக்கு அருகில் உள்ளன என்று ஒவ்வோர் ஊராட்சியும் கணக்கெடுத்தல் வேண்டும். தனியார் கிணறாயின் உரிமையாளரிடம் பேசுக. பாழ்ங்கிணறுகளை மூடுக. இத்தகைய பிள்ளை உள்ள தெருவிலிருந்து இப்பணி தொடங்கட்டும்.

அடுத்தது விளையாடும் இடம். ஊராட்சி அமைக்கும் விளையாட்டுத் திடல்களில் சறுக்குமரமும் ஊஞ்சலும் வைக்கும்போது, ஓர் ஊஞ்சலாவது முதுகுச் சாய்வும் முன்புறம் தடுப்புச் சங்கிலியும் உள்ளதாக இருக்கட்டும். மரநிழலில் ஒரு வண்டி ஆற்று மணலைக் கொட்டி, சுற்றிலும் பனந்துண்டுகளைக் கிடத்தினால் ஏறவும் குதிக்கவும் தோண்டவும் இடமாயிற்று. பாதியளவு புதைத்த பழைய லாரி டயர்கள் ஊர்ந்து செல்ல ஏற்றவை. டயருக்குள் மழை நீர் தேங்கிக் கொசு பெருகாதவாறு அடியில் துளையிட வேண்டும். அங்கன்வாடிக்கு அடுத்த புறம்போக்கில் இதனை அமைத்தால் பணியாளரின் பார்வையிலும் இருக்கும்.

பள்ளிப் படிப்பைப் பற்றியும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, 40 விழுக்காட்டுக்குக் குறையாத இயலாமை என்று சான்று பெற்ற, 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. நாம் பேசும் பிள்ளைகள் அனைவரும் அந்த அளவில் வரமாட்டார்கள். வராதவர்களுக்கும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை காப்பளிக்கிறது. ஓரிடத்தில் உட்காருவதில்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட எந்தப் பள்ளிக்கும் அதிகாரம் கிடையாது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். இத்தகைய பிள்ளைகளைப் பார்ப்பதும், பெற்றோருக்குப் பயிற்சி முறைகளைக் காட்டிக் கொடுப்பதும் அவர்கள் பணிகளுள் அடங்கும். ஊராட்சித் தலைவர் தலைமையாசிரியர் மூலம் கேட்டால் எந்த நாளில் வருவார்கள் என்பது தெரியும்.

2022 முதல் நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூட ஏற்பாடு உள்ளது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் கிணறுகளின் கணக்கையும் மணல் திடலுக்கான இடத்தையும் தீர்மானமாக வைக்கலாம். பிள்ளைகளின் பெயரைச் சபையில் வாசிக்க வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் வைத்திருக்கும் பதிவேடுகளில் அவ்விவரம் இருக்கிறது. தலைவர் அவர்களுடன் தனியே அமர்ந்து பார்த்து, மருத்துவக் குழு ஊருக்கு வரும் தேதியை அந்தந்த வீட்டுக்கு ஒரு வாரம் முன்பாகவே தெரிவிக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம்.